ஏழரை மணி நாடகமும் எங்கள் ஆயாம்மாவும்

என் மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது அவளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். வேறு வழி இருக்கவில்லை. கணவருக்குக் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மாதத்தில் ஒரு தடவை வருவார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிரசவ விடுமுறை முடிந்துவிட்டது. ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் கடைசி டிவிசன் எங்களுடையது. கீழே ஒருத்தரைப் பிடித்துப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வரலாம் என்றால், அந்த ஒருத்தரிடம் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

பிள்ளைமடுவம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கொழுந்து நிறுக்க வரும் நேரத்தில் பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்குப் போவார்கள். தகரக் கூரை, பச்சைச் சுவர், சுவரில் யாரோ வரைந்த ஒரு யானை. யானைக்குத் தும்பிக்கை கொஞ்சம் குட்டை. குறுக்குக் கம்பியில் ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள் தொங்கும்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிட்டோம். நான் மட்டும் அக்கா என்பேன். நாற்பது வயதைத் தாண்டியவர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய கணவர் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் எல்லயில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. மூன்று தடவை தங்காமல் போனது என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். அதைச் சொல்லும்போது ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை.

முதல் நாள் மகளை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாமல் வாசலிலேயே நின்றேன். அவள் அலறிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாக்காம போங்க டீச்சர்," என்றார் அக்கா. "நீங்க நிக்கிற வரைக்கும்தான் அழுவா. நீங்க பீலியத் தாண்டுறதுக்குள்ள நிறுத்திருவா, பாருங்க."

தண்ணீர்ப் பீலியைத் தாண்டியதும் நின்று காது கொடுத்தேன். அழுகை நின்றிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் பாடம் எடுத்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் அந்த நாடகம் தொடங்கியது. இந்தியாவிலிருந்து டிஷ்ஷில் வருவது. திங்கள் முதல் சனி வரை மாலை ஏழரை மணி. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், பத்திலும் அதே நாடகம்தான். லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் ஒரு வசனமும் தப்பாது, ஒரு வாசலில் தொடங்கிய வாக்கியம் அடுத்த வாசலில் முடியும்.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு. இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் இறந்துபோகிறாள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சொந்தக்காரப் பெண் வருகிறாள். பிள்ளையில்லாதவள். குரல் மெதுவாக இருக்கும், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. பிள்ளைகள் அவளைச் சித்தி என்று கூப்பிடுவார்கள். சித்தி ஒவ்வொரு நாளும் பால் ஆற்றிக் கொடுக்கிறாள், சின்னப் பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகிறது. ஒரு நாள் பால் கிளாசில் ஒரு கை ஏதோ தூளைப் போடுவதைக் காட்டினார்கள். கையை மட்டும்தான் காட்டினார்கள். அந்தக் கையில் சித்தியின் வளையல்.

அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த லயத்திலிருந்த அக்கா வீட்டு டிவி அதற்கு முந்தைய மழையில் இடி விழுந்து கருகிப்போயிருந்தது. அதனால் நாடகம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வருவாள், அவளுடைய வீட்டில் டிவி இருந்தும். ஆள் சேர்ந்து பார்த்தால்தான் அவளுக்குப் பார்த்த மாதிரி இருக்கும். அக்கா கதவோரம் உட்கார்ந்து என் மகளை மடியில் போட்டுக்கொள்வார். எங்கள் எல்லோரிலும் சித்தி மேல் அதிகமாக ஆத்திரப்பட்டவர் அவர்தான்.

"இவளுக்கெல்லாம் எப்பிடித்தான் கை வருதோ! பச்சப் புள்ள டீச்சர், பச்சப் புள்ள! இவ வெளங்குவாளா?"

நான் சிரிப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் சிரிப்பாள். இப்போது நினைத்துப் பார்க்கும்போது, எந்த நாளிலிருந்து அவள் சிரிக்காமல் விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு இளம்பெண் பிள்ளைமடுவத்து வாசலில் நின்று, "என்னா சித்தி, இன்னைக்கு யாருக்குப் பாலு?" என்று கேட்டாளாம். அக்காவும் விட்டுக்கொடுக்காமல், "ஒனக்குத்தான்டி, வா வந்து குடி" என்றாராம். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அக்காவே என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு நாள் இதே பதில் வேறு மாதிரி என் காதுக்கு வந்தது. "அவ வாயாலேயே சொன்னா டீச்சர், குடிக்க வான்னு."

பள்ளிக்கூட மைதானத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தி சித்தி. சிரட்டையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவாள். மற்றவர்கள் குடித்துவிட்டு ஒவ்வொருவராக விழுவார்கள். யார் கடைசியில் விழுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சித்தியாக வருகிற பிள்ளை, "அழாம குடி கண்ணு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். நாடகத்தில் வரும் சித்தியின் வார்த்தை அது. பிள்ளைமடுவத்தில் அக்கா சொல்கிற வார்த்தையும் அதுதான். நானும் அதைத்தான் சொல்கிறேன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற எந்தப் பெண்ணும் வேறென்ன சொல்லுவாள்? ஆனால் அன்று மைதானத்தில் அந்தப் பிள்ளையின் வாயில் அதைக் கேட்டபோது என் மனதில் வந்த முகம் நாடகத்துச் சித்தியின் முகம் அல்ல.

விளையாட்டை நிறுத்தச் சொன்னேன். அடுத்த நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விளையாடினார்கள்.

அதன் பிறகு மழை தொடங்கியது. குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகனுக்கு இரண்டரை வயது. ஒரு நாள் மத்தியானம் பிள்ளைமடுவத்தில் பால் குடித்துவிட்டு வாந்தி எடுத்தான். சாயங்காலத்துக்குள் வயிற்றோட்டம் வந்து கண் உள்ளே போய்விட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மகள் பிறந்தபோது என் கணவருக்கு ஐந்து நாள்தான் லீவு கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் என் அறையில் வந்து படுத்து, குழந்தை அழும்போதெல்லாம் எனக்கு முன்னால் எழுந்தவள் அவள். கூலி கேட்கவில்லை, சொல்லிக்காட்டவும் இல்லை. கெட்டவள் என்று அவளைச் சொல்ல எனக்கு வாய் வராது.

த்ரீவீலில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகளை அக்காவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சேலைன் ஏற்றினார்கள். அடுத்த நாள் பிள்ளை பிஸ்கட் கேட்டான். தண்ணீரால் வந்தது, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று டொக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். அதே வாட்டில் எங்கள் கீழ் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள், பிள்ளைமடுவத்துப் பக்கமே போகாதவர்கள். அவர்களுக்கும் அதே வயிற்றோட்டம்தான். பக்கத்து வீட்டுப் பெண் எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள், தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் என் காதுக்குள் சொன்னாள். "பால் குடிச்ச பொறகுதானே டீச்சர் வாந்தி எடுத்தான்."

"அதே பால அங்க இருந்த எல்லாப் புள்ளையும்தானே குடிச்சிச்சு."

"அங்கயும் ஒரு புள்ளைக்குத்தானே குடுத்தா."

"எங்க?"

"நாடகத்துல."

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தூங்காத கண்.  

இனிமேல் சொல்லப்போவது என்னைப் பற்றியது.

அன்று சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டும்போது அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதுகைப் பார்த்தேன், அக்குளைப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருந்தால் கை நின்றிருக்கும். இடது தொடையில் சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது. கிள்ளியது போலவும் இருந்தது, கடித்தது போலவும் இருந்தது. பட்டம் படித்தவள் நான். டிவியில் வருவது எழுதி நடிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தத் தடிப்பைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் ஆறிப்போனது.

காலையில் மகளைக் கொண்டுபோய் விட்டபோது, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "தொடையில என்னமோ செவந்திருக்கே அக்கா, என்னா அது?"

"எறும்பு டீச்சர். நேத்து பாயில ஏறிருச்சு. தேங்காண்ணெ தடவுனேன். சொல்ல மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். அவர் உள்ளே போய் அந்தப் பாயைக் கொண்டுவந்து வாசலில் என் முன்னால் உதறினார். ஒரு பக்கம் காட்டினார், பிறகு மறுபக்கமும் திருப்பிக் காட்டினார். பாயில் ஒன்றும் இல்லை. 

"சரிக்கா, சும்மாதான் கேட்டேன்," என்றேன்.

"கேக்கணும் டீச்சர். புள்ளன்னா கேக்கத்தானே வேணும்."

அன்று மாலை அவர் நாடகம் பார்க்க வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. அந்த நாளிலிருந்து, மகளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் அக்கா எழுந்து நின்று ஒப்புவிக்கத் தொடங்கினார். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், எவ்வளவு பால் குடித்தாள், எங்கே விழுந்தாள், எந்த முழங்காலில் பட்டது. என் வகுப்பில் பிழை செய்துவிட்ட பிள்ளை நிற்பதுபோல நிற்பார். "இதெல்லாம் வேணாம் அக்கா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். "இல்ல டீச்சர், சொல்லிர்றேன்" என்பார். நான் கேட்ட ஒரு கேள்வியை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

தாய்மார் முதலில் வீட்டிலிருந்து போத்தலில் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைமடுவத்துப் பால் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒருத்தி தன் பிள்ளையைக் கீழ் டிவிசனில் இருந்த தங்கச்சி வீட்டில் விட்டாள். இன்னொருத்தி எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைத்தாள். அந்த மகள் என் வகுப்புப் பிள்ளை. வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே தினமும் கோடு போட்டேன். தாயைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கொஞ்ச நாளைக்கு டீச்சர்" என்றாள்.

நான் நாடகத்தைப் பார்க்காமல் விட்டேன். நாலு நாள் ஏழரை மணிக்கு டிவியை நிறுத்தி வைத்தேன். எங்கள் லயத்தில் வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் சுவருக்கு மேலால் வந்து எங்கள் வீட்டுக்குள் விழுந்தது. சித்தியைப் பொலிஸ் பிடித்துப் போவதைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டே பருப்புக் கழுவினேன். ஐந்தாம் நாள் டிவியைப் போட்டேன்.

தோட்டத்தில் பிள்ளைகள் நலனைக் கவனிக்கிற அம்மா ஒருவர் இருந்தார். வெளியூர்க்காரர். விஷயம் அவர் காதுக்குப் போய், ஒரு பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தாய்மாரைப் பிள்ளைமடுவத்தில் கூட்டினார். அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இவங்க என்ன செஞ்சாங்க? யாராவது பாத்தீங்களா? அடிச்சாங்களா? பட்டினி போட்டாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

 பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "ஒண்ணும் செய்யலைங்க. ஆனா மனசுக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"புள்ளையில்லாத பொம்பள பாருங்க. எங்க புள்ளைங்களப் பாக்கும்போது அவுங்களுக்கு என்ன தோணும்னு யாருக்குத் தெரியும்?"

"பத்து வருசமா பாக்குறாங்களே. அப்ப தோணலையா?"

"அப்ப எங்களுக்குத் தெரியலைங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரே டீச்சர் நான்தான். எழுந்தேன். பிள்ளைக்கு வந்தது தண்ணீரால் வந்த வயிற்றோட்டம் என்றேன். நாடகம் யாரோ உட்கார்ந்து எழுதுவது, சித்தியாக வருகிறவள் சம்பளத்துக்கு நடிக்கிறவள், வீட்டுக்குப் போனால் அவளும் சமைப்பாள், துவைப்பாள் என்றேன். நான் பேசிய ஒரு சொல்லும் பிழையில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாகச் சொன்னாள். "எழுதுறாங்கன்னா எங்கயோ நடந்திருக்கப் போயித்தானே டீச்சர் எழுதுறாங்க? நடக்காததயா காட்டுவாங்க?"

"அதுக்கு இவங்க என்ன செய்வாங்க?"

"இவங்க செஞ்சாங்கன்னு நான் சொல்லலியே. எம்புள்ளைய நான் பாத்துக்கிறேன்னுதான் சொல்லுறேன்."

அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? அவரவர் பிள்ளை அவரவருடையது. அக்கா அப்போதும் சுவரோரம்தான் நின்றார், யானைப் படத்தை மறைத்துக்கொண்டு. அவரிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு, "அந்த நாடகத்த நானும்தான் பாத்தேன்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

அடுத்த நாளிலிருந்து மூன்று வாரம் பிள்ளைமடுவத்துக்குப் போனது ஒரே பிள்ளைதான். என் பிள்ளை. பதினைந்து பேரின் சத்தம் இருந்த இடத்தில் ஒரு குழந்தையும் ஒரு பெண்ணும். தொட்டில்கள் சும்மா தொங்கின. சும்மா இருக்க முடியாமல் அக்கா அவற்றை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டுத் திரும்பக் கட்டுவார்.

தோட்டத்தில் என்னைப் பார்த்து, "டீச்சர் நல்ல மனசு" என்றார்கள். கணவர்கூட போனில், "நீ செய்யிறதுதான் சரி" என்றார். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பத்து மணி இடைவேளையில் நான் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தால் ஏறி, கொழுந்துச் செடிகளுக்கு நடுவே போய், பிள்ளைமடுவத்தின் பின் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பால் கொடுக்கிற நேரம் அது. தினமும் இல்லை. ஐந்து தடவை, ஆறு தடவை இருக்கலாம். அக்கா என் மகளை மடியில் படுக்கவைத்துக் கரண்டியால் பால் கொடுத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அவ்வளவுதான் இருக்கும் என்று தெரிந்தேதான் போனேன், பார்த்தேன், திரும்பினேன். அவரை நம்பினேனா என்று கேட்டால் நம்பினேன் என்றுதான் சொல்வேன். ஆனால் கால் போனது.

ஒரு பிள்ளைக்காக ஒரு மடுவத்தை நடத்த முடியாது என்றார்கள். எங்கள் டிவிசன் பிள்ளைகளையும் கீழ் டிவிசனோடு சேர்த்துவிட்டார்கள். அக்காவுக்குக் கொழுந்து மலையில் பெயர் போட்டார்கள். பத்து வருடமாகக் கூடை தூக்காத முதுகு. மலையில் மற்றப் பெண்கள் அவரோடு சண்டை பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் மலையில் இல்லை. இருந்திருந்தாலும் நின்றுபோன பேச்சை எப்படித் தொடங்கிவைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் தாங்கினார். பிறகு ஒரு நாள் இடைவேளையில் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கையில் என் மகளுடைய சின்னப் போர்வை, துவைத்து மடித்தது.

"மடுவத்துல கெடந்துச்சு டீச்சர். நாங்க எல்லப் பக்கம் போறோம். அவரு வேல செய்யிற எடத்துலயே எனக்கும் ஒரு வேல இருக்குன்னாரு."

"எப்பக்கா?"

"இப்பத்தான். கீழ அவரு நிக்கிறாரு."

என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை "சித்தி" என்றது. அக்காவுக்குக் கேட்டிருக்கும். "வாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் திரும்பிப்போய் யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் கேட்ட விதத்தில் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வளையலைச் சித்தியின் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பாலில் தூளைக் கலந்தது அந்த வீட்டின் மூத்த மருமகள் என்று காட்டினார்கள். சொத்துக்காக. சித்தி ஒரு பாவமும் அறியாதவள். மெலிந்து வெளுத்துப்போய்ச் சிறையிலிருந்து வெளியே வருகிறாள். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள். லயம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம்.

பக்கத்து வீட்டுப் பெண் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தலைப்பே நனைந்துபோனது.

"பாவம் டீச்சர். ஒரு தப்பும் செய்யாத பொம்பளைய என்ன பாடு படுத்திட்டாங்க! ஒருத்தியாவது நின்னு என்னா ஏதுன்னு கேட்டாளா? மனசாட்சியே இல்லாத சனம்."

இப்போது அவளுக்கு ஞாபகம் வரும் என்று காத்திருந்தேன். விளம்பரம் போனது. அவள் மகன் வந்து மடியில் ஏறினான். அவள் அவனுடைய தலையைக் கோதிக்கொண்டே திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நம்ம ஆயாம்மாவும் அப்பிடித்தானே?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் ஒரு நிமிடம் கலங்கியது, அதை நான் பார்த்தேன். அப்புறம் அது சரியாகிவிட்டது.

"அது வேற டீச்சர்," என்றாள்.

எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. கேட்டால், பின் ஜன்னலில் நின்ற நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு எல்லவுக்குப் போனேன். அவளுக்கு நாலு வயது, ரயில் பார்க்க ஆசை. திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு கெஸ்ட்ஹவுஸ் முற்றத்தில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. விரிப்புகளுக்கு நடுவே அக்கா. என்னைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு இறங்கி வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. முடியைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்.

மகளைப் பார்த்துச் சிரித்தார். தூக்கவில்லை, தொடவும் இல்லை. தள்ளி நின்றே, "நல்லா வளந்துட்டாங்க" என்றார். என் மகளைப் பற்றி அவர் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"திரும்பி வாங்கக்கா. கீழ் டிவிசன் மடுவத்துக்கு ஆள் தேடுறாங்க," என்றேன். சொல்ல வேண்டும் என்று சொன்னதுதான்.

"வேணாம் டீச்சர். இங்க விரிப்புத் தொவைக்கிறேன், ரூம் கூட்டுறேன். யாரும் எதுவும் கேக்குறதில்ல. தங்க வாற வெள்ளக்காரங்க கேட்டாலும் எனக்கு அவங்க பாஷ தெரியாது." சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் டீச்சர் கடைசி வரைக்கும் புள்ளைய எங்கிட்ட விட்டீங்க. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரிடம் மிச்சமிருந்த அந்த ஒன்றும் போயிருக்கும்.  மேலே யாரோ சிங்களத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். "எனவா நோனா", வருகிறேன் அம்மா, என்று பதில் சொல்லிவிட்டு அவசரமாகப் படியேறினார்.

எங்கள் டிவிசன் பிள்ளைமடுவத்தில் இப்போது உரமூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். தாய்மார் விடியற்காலையில் குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக் கீழ் டிவிசனுக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். தூரம் என்று திட்டுகிறார்கள், தோட்டத்தைத் திட்டுகிறார்கள். தம்பியைப் பார்க்க நிறுத்திய அந்த எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோது ஏழரை மணி ஆகிவிட்டது. "இருங்க டீச்சர், இது முடியட்டும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். புது நாடகம். நானும் உட்கார்ந்து பார்த்தேன்.